சூதாட்ட மாமூலும் ஹாங்காங் போலீஸும்: தெரிந்ததிலிருந்து நிரூபித்தது வரை

ஹாங்காங்கில் 1897-ஆம் ஆண்டே ஒரு சூதாட்ட விடுதியில் கிடைத்த பட்டியலை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸார் சிக்கினார்கள் என்று படித்ததாகவும், அப்படியிருந்தும் 1973-இல் அதே நகரில் அதே மாமூல் இன்னும் பெரிய அளவில் எப்படி ஓடிக்கொண்டிருந்தது, இடையில் நடந்த விசாரணைகளெல்லாம் கண்துடைப்புதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது வரலாற்றுக் கேள்வி. ஆனால் நீங்கள் அறிய விரும்புவது வேறொன்று என்று நினைக்கிறேன். கொடுப்பவனும் வாங்குபவனும் மனமொத்துச் செய்கிற ஒரு குற்றத்தை, அதிலும் விசாரிக்க வேண்டியவர்களே வாங்குபவர்களாக இருக்கும்போது, யாரால், எதை வைத்து நிரூபிக்க முடியும்? அதற்கு ஹாங்காங்கைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை. அங்கே ஒரே குற்றம் இரண்டு காலங்களில், முற்றிலும் வேறான இரண்டு வழிகளில் விசாரிக்கப்பட்டது.

பதிலுக்கு முன் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்ல. பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தணிக்கையில் கழித்தவன். லஞ்சப் புகார்களில் கைப்பற்றப்பட்ட கணக்குப் புத்தகங்களையும் துண்டுச்சீட்டுகளையும் படித்து, அவற்றில் எது சாட்சியமாக நிற்கும், எது நிற்காது என்று விசாரணை அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. அந்த ஈடுபாட்டில்தான் ஹாங்காங் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எனக்குச் சீனம் தெரியாது. ஆகவே நான் அறிந்ததெல்லாம் ஆங்கிலேய நிர்வாகம் விட்டுச்சென்ற பதிவுகள் வழியாகவும், அவற்றை ஆராய்ந்து எழுதியவர்கள் வழியாகவும் வந்தவை. பணம் கொடுத்த சீனர்களின் குரல் அந்தப் பதிவுகளில் மிக அரிதாகவே கேட்கிறது என்பதை நான் கீழே சொல்லும் எல்லாவற்றோடும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.

சூதாட்ட மாமூல் மற்ற லஞ்சங்களைப் போன்றதல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் ஒப்பந்தத்துக்காகவோ உரிமத்துக்காகவோ கொடுக்கப்படும் லஞ்சம் ஒருமுறை கைமாறுகிறது, இரண்டு பேருக்குத் தெரிகிறது, அத்தோடு முடிகிறது. சூதாட்ட விடுதியின் நிலைமை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஹாங்காங்கில் பரவலாக ஆடப்பட்ட ஃபான்-டான் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு சதுரம்; அதன் நான்கு பக்கங்களும் ஒன்று முதல் நான்கு வரையிலான எண்களுக்கு உரியவை. நடத்துபவர் ஒரு குவியல் செப்புக்காசுகளைக் கிண்ணத்தால் மூடுவார். ஆடுபவர்கள் ஓர் எண்ணின் மேல் பணம் வைப்பார்கள். கிண்ணத்தைத் தூக்கியதும் ஒரு குச்சியால் நான்கு நான்கு காசுகளாக ஒதுக்கிக்கொண்டே வருவார். கடைசியில் எத்தனை மிஞ்சுகிறதோ அந்த எண்ணுக்குப் பணம். வென்றவனின் தொகையிலிருந்து விடுதி தன் கழிவை எடுத்துக்கொள்ளும். இந்த ஆட்டத்துக்குக் கூட்டம் வேண்டும், நிலையான இடம் வேண்டும், ஆட்கள் இரவும் பகலும் வந்து போக வேண்டும். வாசலில் காவலுக்கு ஆள் நிற்பான். பின்பக்கமாகவோ மொட்டை மாடி வழியாகவோ ஓட வழி இருக்கும். இத்தனையும் நடக்கும் வீடு அந்தத் தெருவில் ரோந்து சுற்றும் கடைநிலைக் காவலரின் கண்ணில் படாமல் இருக்கவே முடியாது.

ஒளிய முடியாத தொழில் என்பதால், பார்ப்பவர்கள் எல்லாருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். உயரதிகாரி ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் கீழே இருக்கும் காவலர் பிடித்துவிடுவார். காவலருக்கு மட்டும் கொடுத்தால் மேலிருந்து சோதனை வரும். துப்பறிவாளர்களை விட்டுவிட்டால் அவர்கள் தனியாக வருவார்கள். ஆகவே மாமூல் மாதந்தோறும், பதவிக்கேற்ற தொகையில், பலருக்கும் போகிறது. இப்படிப் போகத் தொடங்கியதும் கணக்கு வேண்டியிருக்கிறது. விடுதி பெரும்பாலும் பங்குதாரர்களின் கூட்டுத் தொழில். மாமூல் என்ற பெயரில் ஒரு பங்குதாரர் மற்றவர்களை ஏமாற்றிவிடக் கூடாது அல்லவா? யாருக்கு எவ்வளவு போனது என்று எழுதிவைக்கும் தேவை அங்கேதான் பிறக்கிறது. குற்றம் செய்பவர்கள் ஏன் தங்கள் குற்றத்தைத் தாங்களே எழுதிவைக்கிறார்கள் என்று பலர் வியப்பதுண்டு. ஒருவரையொருவர் நம்பாததால் எழுதுகிறார்கள். என் அனுபவத்தில், இப்படிப்பட்ட வழக்குகளில் நல்ல சாட்சியம் வாங்கியவரின் வீட்டில் கிடைத்ததைவிடக் கொடுத்தவரின் பெட்டியில் கிடைத்ததே அதிகம்.

ஹாங்காங்கில் பிரிட்டிஷ் ஆட்சி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1844-இல், பொதுச் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் வந்தது. தடையால் ஆட்டம் குறையவில்லை. போலீஸின் வரும்படிதான் கூடியது. 1866-இல் ஆளுநராக வந்த சர் ரிச்சர்ட் மெக்டொனெல் இதை மறைக்காமல் எதிர்கொண்டார். ஒழிக்க முடியாத சூதாட்டம் காவல் படையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, அதை உரிமத்தின் கீழ் கொண்டுவந்தால் லஞ்சத்துக்குக் காரணமே இராது என்பது அவருடைய வாதம். 1867-இல் உரிமம் பெற்ற விடுதிகள் திறக்கப்பட்டன. கருவூலத்துக்குப் பணம் கொட்டியது. அதுவே திட்டத்துக்கு வினையாகவும் ஆயிற்று. அந்தப் பணத்தைப் பொதுச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்று லண்டனில் இருந்த காலனி அலுவலகம் மறித்தது. தலைமை நீதிபதி ஜான் ஸ்மேல் கடுமையாக எதிர்த்தார். மிஷனரிகளும் சீன வணிகர்களில் பலரும் மனுக் கொடுத்தார்கள். 1872 தொடக்கத்துக்குள் உரிம விடுதிகள் மூடப்பட்டன. மெக்டொனெல் நேர்மையான நோக்கத்தோடு செய்தாரா, வருமானத்துக்காகச் செய்தாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டும் கலந்திருந்தன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும், காவல் படையில் லஞ்சம் பரவியிருந்தது ஆளுநர் மட்டத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. 1897-இல் அது புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை.

1897-இல் புதிதாகச் சேர்ந்தவை இரண்டு: ஓர் ஆளும் ஓர் ஆவணமும். ஆள், ஃபிரான்சிஸ் ஹென்றி மே. 1893 முதல் காவல் படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பிற்காலத்தில், 1912-இல், ஹாங்காங்கின் ஆளுநராகவே ஆனவர். அவர் போலீஸில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர் அல்லர். சீனம் பயிற்றுவித்து ஆட்சிப்பணிக்குத் தயார்செய்யப்பட்ட அதிகாரிகளின் வரிசையிலிருந்து படைக்குத் தலைவராக அனுப்பப்பட்டவர். இதை நான் சிறிய விவரமாக நினைக்கவில்லை. படையில் இருந்த ஐரோப்பியர்களில் பெரும்பாலோருக்குச் சீன மொழி தெரியாது. ஒரு தெருவில் என்ன நடக்கிறது என்பதைச் சீனத் துப்பறிவாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சொல்லித்தான் அவர்கள் அறிய முடியும். மாமூல் வசூலும் அதே கைகள் வழியாகத்தான் நடந்தது. தகவல் வரும் வழியும் பணம் வரும் வழியும் ஒன்றாக இருக்கும் இடத்தில், அந்த வழியை நம்பியிராத ஒருவர் தலைவராக வந்தது பெரிய மாற்றம்.

ஆவணம், மேயின் காலத்தில் நடந்த சோதனையில் ஒரு சூதாட்ட விடுதியில் கைப்பற்றப்பட்டது. மாமூல் பெற்றவர்களின் விவரம் அதில் இருந்தது. அதைத் தொடர்ந்து மொத்தம் 128 பேர் சிக்கினார்கள்; ஐரோப்பியர் 14, இந்தியர் 38, சீனர் 76. படையின் மூன்று பிரிவுகளில் எதுவும் தப்பவில்லை என்பதை இந்தப் பகுப்பே காட்டும். ஊழலைச் சீனர்களின் பழக்கம் என்று ஒதுக்கிப் பேசுவது அன்றைய ஆங்கிலேயரிடையே சகஜமாக இருந்தது. அந்தப் பேச்சுக்கு இந்தப் பட்டியலைவிட நல்ல மறுப்பு கிடையாது.

இனி, இப்படி ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் அது எதை நிரூபிக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் கேட்டதன் மையம் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். கொடுத்தவரின் ஏட்டில் ஒரு சார்ஜென்டின் பெயரும் அதற்கு நேராக ஒரு தொகையும் இருக்கின்றன என்றால், அந்தத் தொகை விடுதியின் பெட்டியிலிருந்து வெளியே போனதை ஓரளவு நம்பலாம். அது அந்த சார்ஜென்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஏடு சாட்சியல்ல. நடுவில் ஒரு வசூல்காரர் இருக்கிறார். அவர் பத்துப் பேர் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கி ஆறு பேருக்குக் கொடுத்து, மீதியைத் தாமே வைத்துக்கொண்டிருக்கலாம். வாங்காத நேர்மையாளரின் பெயர்தான் அதற்கு மிகவும் வசதியான பெயர், ஏனென்றால் அவர் வந்து தன் பங்கைக் கேட்கப்போவதில்லை. நான் பார்த்த ஏடுகளிலேயே இந்த வகை மோசடி இருந்திருக்கிறது. ஆகவே பட்டியலைத் தனியாக வைத்துக்கொண்டு யாரையும் குற்றவாளி என்று சொல்வது பிழை.

பட்டியலோடு வேறு பதிவுகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அந்த மாதத்தில் அந்தத் தெருவில் ரோந்துப் பணி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்ற பணிப்பட்டியல், எந்த நாளில் எந்த வீட்டில் சோதனை நடந்தது என்ற நிலையப் பதிவேடு, சோதனையில் பிடிபட்டவர்கள் யார் என்ற விவரம் ஆகியவற்றை ஏட்டின் தேதிகளோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒருவர் இடமாற்றலாகிப் போன மாதத்தில் அவருக்குரிய தொகை நின்று, அவர் இடத்துக்கு வந்தவருக்கு அதே தொகை தொடங்கினால் அது வலுவான சான்று. பணம் பதவிக்குப் போகிறது, அந்தப் பதவியில் இருப்பவர் அதை அறிவார் என்று அது காட்டும். மாறாக, ஊரைவிட்டுப் போனவரின் பெயரில் தொகை தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால் வசூல்காரர்தான் தின்கிறார் என்று பொருள். பணம் தவறிய அல்லது தாமதமான மாதத்துக்கு அடுத்து ஒரு சோதனை, பணம் போனதும் சில மாத அமைதி என்று வந்தால், ஏட்டுக்கு வெளியே இருக்கும் உலகமே ஏட்டை உறுதிசெய்கிறது. இன்னொன்றும் உண்டு. மாமூல் வாங்கும் நிலையத்திலும் சோதனைகள் நடக்கும். எண்ணிக்கைக் கணக்குக் காட்ட வேண்டுமே. அந்தச் சோதனைகளில் கூலிக்கு உட்கார்ந்த ஏழைகள்தான் பிடிபடுவார்கள், நடத்துபவர் ஒருபோதும் இருக்க மாட்டார். அபராதத் தொகை சிறியதாகவும், கட்டியவர் அடையாளமற்றவராகவும், மறுநாளே ஆட்டம் அதே வீட்டில் தொடர்வதாகவும் இருந்தால் சந்தேகத்துக்கு அதுவே போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் நீதிமன்றத்தில் நிற்க ஒரு மனிதக் குரல் வேண்டும். கொடுத்தேன் என்று கூண்டில் ஏறிச் சொல்ல ஒருவர். 1897-இல் அதுதான் கிடைப்பதற்கு அரிதாக இருந்தது. இன்ஸ்பெக்டர் ஜாப் விட்செல் வழக்கு நடந்து ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பட்டியலில் சிக்கிய மற்றவர்களில் பெரும்பாலோர் நீதிமன்றத்தைப் பார்க்கவேயில்லை. பணிநீக்கம் செய்யப்பட்டார்கள் அல்லது விலகும்படி செய்யப்பட்டார்கள். காலனி ஆட்சியில் ஆளுநருக்கு அந்த நிர்வாக அதிகாரம் இருந்தது. நிரூபணத்தின் அளவும் அங்கே குறைவு. வேகமாகப் படையைச் சுத்தம் செய்ய அது உதவியது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த 128 பேரில் எத்தனை பேர் உண்மையில் வாங்கினார்கள், எத்தனை பேர் வசூல்காரரின் கணக்கில் மட்டும் வாங்கியவர்கள் என்று இன்று பிரிக்க வழியில்லாமல் போனதும் அதே வேகத்தால்தான். வாதாட வாய்ப்பில்லாமல் வேலையிழந்து ஊர் திரும்பிய ஓர் இந்தியக் காவலர் குற்றமற்றவராக இருந்திருந்தால், அவருக்கு நேர்ந்தது பெரிய அநீதி. படிப்பவர்கள் அந்த எண்ணிக்கையைக் குற்றவாளிகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்வேன்.

மறு ஆண்டே, 1898-இல், அரசு ஊழியர் லஞ்சம் வாங்குவதைத் தண்டிக்கும் சட்டம் ஹாங்காங்கில் இயற்றப்பட்டது. அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறையும் 500 டாலர் அபராதமும். சட்டத்தில் இருந்த ஓட்டை உடனே உணரப்பட்டது என்பதற்கு இது அடையாளம். ஆகவே 1897 விசாரணை கண்துடைப்பா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதுதான். அது உண்மையான விசாரணை. அது தொட்டது ஆட்களை மட்டும். ஆட்களை அப்படி ஆக்கிய ஏற்பாடு அப்படியே இருந்தது. சூதாட்டத் தடை இருந்தது, ஆடும் ஆசை இருந்தது, குறைந்த சம்பளம் இருந்தது, போலீஸைப் போலீஸேதான் விசாரிக்க வேண்டும் என்ற நிலையும் இருந்தது. மே போன்ற ஒருவர் தலைவராக வரும்போது பட்டியல் ஆதாரமாகும். வேறொருவர் வரும்போது அதே பட்டியல் அடுப்புக்குப் போகும்.

இது ஹாங்காங்குக்கு மட்டும் உரிய குறை அல்ல. சிங்கப்பூரில் சூதாட்டக் குத்தகை, அதாவது சூதாட்டம் நடத்தும் உரிமையை அரசே பணத்துக்குக் கொடுக்கும் முறை, 1829-இல் ஒழிக்கப்பட்ட பிறகு அங்கும் இதே பாதைதான். 1886-இல் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் காலனியின்) பொதுச் சூதாட்டத்தை ஆராய ஒரு குழுவே அமைக்க வேண்டியிருந்தது, போலீஸுக்குப் போகும் பணம் அங்கும் பேசப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வருவோம். ஹாங்காங்கில் 1948-இல் லஞ்சத் தடுப்புக்குப் புதுச் சட்டம் வந்தது. 1952-இல் லஞ்ச எதிர்ப்புக்குத் தனிப் பிரிவு ஏற்பட்டது, ஆனால் போலீஸுக்கு உள்ளேயே. போருக்குப் பின் அகதிகள் வந்து குவிந்து மக்கள்தொகை பெருகிய நகரில் சூதாட்டமும் தெருவுக்குத் தெரு பெருகியது. குறிப்பாக முப்பத்தாறு எழுத்துகளில் ஒன்றின் மேல் பணம் கட்டி, சரியாக இருந்தால் முப்பது மடங்கு பெறும் ட்சி-ஃபா சீட்டு. அதற்கு விடுதியே தேவையில்லை. வீடு வீடாகச் சென்று சில்லறை வசூலிக்கும் ஆட்கள் போதும். ஒரு வீட்டுக்கு மாமூல் என்பது ஒரு பகுதிக்கே மாமூல் என்று மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். சூதாட்டம், போதைப்பொருள், விபசாரம், நடைபாதைக் கடை எல்லாவற்றிலிருந்தும் ஒரு பகுதியின் வசூல் ஓரிடத்தில் சேர்ந்து, அங்கிருந்து பதவிவாரியாகப் பிரிக்கப்பட்டது. தலைமை நிலைய சார்ஜென்டுகள் இந்த ஏற்பாட்டின் அச்சாக இருந்தார்கள்.

1973-இல், ஒரு போலீஸ் அதிகாரி நாட்டைவிட்டுத் தப்பியதை (அது கீழே வருகிறது) விசாரித்த நீதிபதி சர் அலஸ்டெயர் பிளேர்-கெர் தந்த இரண்டாவது அறிக்கை இந்த ஏற்பாட்டை அப்படியே விவரிக்கிறது. புதிதாகச் சேரும் அதிகாரிக்கு ஒரு பேருந்தை உதாரணமாகச் சொல்வார்களாம்: ஏறிக்கொள்ளலாம், ஏற விருப்பமில்லையென்றால் பக்கத்தில் ஓடிவரலாம், எதிரே மட்டும் நிற்கக் கூடாது. பணியில் சேர்ந்த சில நாட்களில் மேசை இழுப்பறையில் பணம் இருக்கும். திருப்பிக் கொடுத்தால் அதற்காக யாரும் உதைப்பதில்லை, புகார் செய்தால்தான் வாழ்க்கை போகும். வாங்காதவர்கள் பலர் இருந்தார்கள் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அவர்களையும் வாய்மூட வைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

இந்தக் கட்டத்தில் ஒரு புதிய கருவி சட்டத்துக்கு வந்திருந்தது. 1971-இல் நடைமுறைக்கு வந்த லஞ்சத் தடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, அரசு ஊழியரின் வாழ்க்கைத் தரமோ சொத்தோ அவருடைய சம்பளத்துக்குப் பொருந்தாமல் இருந்து, அதற்கு அவர் திருப்தியான விளக்கம் தர முடியாவிட்டால், அதுவே குற்றம் என்றது. நம் வாசகர்களுக்குச் சொத்துக் குவிப்பு வழக்கு என்றால் உடனே புரியும். 1897-இல் இல்லாத வழி இது. கொடுத்தவர் யார், எதற்குக் கொடுத்தார், எந்த நாளில் கொடுத்தார் என்று ஒன்றையும் காட்ட வேண்டியதில்லை. வாங்கியவரின் வங்கிக் கணக்கே பேசும்.

அந்தப் பிரிவின் முதல் பெரிய இலக்குகளில் ஒருவர்தான் தலைமைக் கண்காணிப்பாளர் பீட்டர் காட்பர். 1967 கலவரங்களின்போது துணிச்சலுக்குப் பெயர் பெற்றவர். அவரிடம் சுமார் 43 லட்சம் ஹாங்காங் டாலர் சொத்து இருப்பது தெரியவந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணியில் அவர் பெற்ற மொத்த நிகரச் சம்பளத்தைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. விளக்கம் தர ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள், 1973 ஜூன் 8 அன்று, தன்னுடைய போலீஸ் அனுமதி அட்டையைக் காட்டி விமான நிலையச் சோதனையைக் கடந்து, சிங்கப்பூர் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவரைப் பிடித்து வரச் சொல்லி மாணவர்கள் போராடினார்கள்.

அங்கே பழைய சிக்கல் வேறு உருவில் வந்தது. விளக்கமில்லாத சொத்து ஹாங்காங்கில் குற்றம். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு குற்றம் இல்லை. இரு நாட்டிலும் குற்றமாக இருந்தால்தான் ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியும். ஆகவே லட்சக்கணக்கான டாலர் கண்முன் இருந்தும், குறிப்பிட்ட ஒரு லஞ்சத்தை, கொடுத்தவரின் வாய்ச்சொல்லோடு காட்ட வேண்டியதாயிற்று. 1897-இல் எங்கே தேங்கினார்களோ அதே இடம். இறுதியில் ஒரு சீனக் கண்காணிப்பாளர், வான்ச்சாய் பகுதியின் பொறுப்பைப் பெறுவதற்காகக் காட்பருக்கு 25,000 டாலர் கொடுத்ததைச் சொன்னார். கணக்குக் காட்டாத சொத்துக்காகத் தாமே தண்டனை பெற்றிருந்த இன்னொரு முன்னாள் ஆங்கிலேய அதிகாரியும் சாட்சி சொன்னார். 1975 ஜனவரியில் காட்பர் கொண்டுவரப்பட்டு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஓர் அதிகாரி ஒரு பகுதியின் பொறுப்புக்கு 25,000 டாலர் கொடுக்கத் துணிகிறார் என்றால் அந்தப் பகுதியின் மாத வசூல் அதைத் தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சூதாட்ட மாமூல் கீழிருந்து மேலே எப்படிப் போகிறது என்பதை இந்த ஒரு தொகை காட்டுகிறது. காவலர் பணத்தைக் கையில் வாங்குகிறார். மேலதிகாரி பணியிட ஆணையின் விலையாக வாங்குகிறார். விடுதியின் ஏட்டில் மேலதிகாரியின் பெயர் இருக்கவே வேண்டியதில்லை.

ஆளுநர் முர்ரே மெக்லெஹோஸ் லஞ்ச விசாரணையைப் போலீஸிடமிருந்து முற்றிலும் பிரித்தார். 1974 பிப்ரவரி 15 அன்று சுயாதீன லஞ்ச ஒழிப்பு ஆணையம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஜாக் கேட்டர், ஆளுநருக்கு மட்டும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். புலனாய்வுத் துறைக்கு ஜான் பிரெண்டர்காஸ்ட். புலனாய்வோடு, அலுவலக நடைமுறைகளில் லஞ்சத்துக்கு இடம் தரும் சந்துகளை அடைக்க ஒரு துறையும், மக்களிடம் பேசிப் புகார் கொடுக்கத் தைரியம் ஊட்ட ஒரு துறையும் வைத்தார்கள். இந்த மூன்றாவதைச் சிலர் விளம்பர வேலை என்று ஒதுக்குவார்கள். நான் உடன்பட மாட்டேன். கொடுத்தவர் வந்து பேச வேண்டுமென்றால் பேசியதற்காகத் தன் கடை உடைக்கப்படாது என்று அவர் நம்ப வேண்டும். 1897-இல் மேயால் தர முடியாமல் போனது இந்த நம்பிக்கையைத்தான்.

அதற்குக் கிடைத்த எதிர்வினையையும் சொல்லியாக வேண்டும். ஆணையம் தனியாட்களை விட்டுக் கூட்டு வசூல் குழுக்களை மொத்தமாகப் பிடிக்கத் தொடங்கியதும் படை கொதித்தது. 1977 அக்டோபர் 28 அன்று ஆயிரக்கணக்கான போலீஸார் கூடினார்கள். ஒரு பகுதியினர் ஆணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களைத் தாக்கினார்கள். நவம்பர் 5 அன்று மெக்லெஹோஸ் பகுதி மன்னிப்பை அறிவித்தார்: 1977 ஜனவரி 1-க்கு முன் நடந்த குற்றங்களில், ஏற்கெனவே விசாரணைக்கு உட்பட்டவர்கள், பிடியாணை உள்ளவர்கள், வெளிநாடு ஓடியவர்கள், மிகக் கொடிய குற்றம் செய்தவர்கள் நீங்கலாக, மற்றவர்கள் மேல் நடவடிக்கை இல்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. கடைசிவரை வாங்காமல் நின்று பதவி உயர்வு இழந்தவருக்கு இதில் என்ன கிடைத்தது? ஆனால் வேறு வழி இருந்ததா என்று என்னையே கேட்டால், அந்த வாரத்தில் நகரின் காவல் முழுவதுமே நின்றுபோகக்கூடிய நிலையில், ஆணையத்தைக் காப்பாற்ற இருந்த வழி அதுவே என்றுதான் தோன்றுகிறது. பழைய கணக்கை மூடியதால்தான் புதிய கணக்கைக் கறாராகப் பார்க்க முடிந்தது.

சந்தேகத்துக்கு இடமான ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 1970-களின் பிற்பகுதியில் சூதாட்ட மாமூல் வற்றியதற்கு ஆணையம் மட்டுமே காரணம் என்று எழுதுவது வழக்கம். அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. குதிரைப் பந்தய மைதானத்துக்கு வெளியே சட்டப்படி பந்தயம் கட்ட 1973-இல், பந்தயங்களை நடத்தும் ஜாக்கி கிளப்புக்கு அனுமதி கிடைத்தது. 1975-இல் மார்க் சிக்ஸ் சீட்டு வந்தது. சட்டவிரோத ட்சி-ஃபாவின் வாடிக்கையாளர்களை இழுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நூறாண்டுக்கு முன் மெக்டொனெல் சொன்ன வாதம், வேறு வடிவில், கண்காணிப்போடு திரும்பி வந்தது. சட்டவிரோதப் பந்தயத் தரகர்களின் வருமானம் சுருங்கினால் மாமூலும் சுருங்கும். இவ்விரண்டில் எது எவ்வளவு வேலை செய்தது என்று அளந்து பிரிக்க முடியாது. ஒரே காலத்தில் நடந்தவை. என் கணிப்பு, ஆணையம் இல்லாமல் சட்டபூர்வப் பந்தயம் மட்டும் வந்திருந்தால் வசூல்காரர்கள் போதைப்பொருளிலும் நடைபாதைக் கடைகளிலும் தங்கள் இழப்பை ஈடுகட்டியிருப்பார்கள் என்பது. இதை நான் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஆவணம் கொண்டு நிரூபிக்க இயலாது.

மேற்கொண்டு படிக்கும் எண்ணம் இருந்தால் பிளேர்-கெரின் இரண்டு அறிக்கைகளில் இரண்டாவதை முதலில் எடுங்கள். முதலாவது காட்பர் தப்பிய விதத்தைப் பற்றியது, இரண்டாவதுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. 1897 பற்றி எதைப் படித்தாலும், சிக்கியவர்கள், நீக்கப்பட்டவர்கள், விலகியவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள் என்ற நான்கையும் அதை எழுதியவர் தனித்தனியாகப் பிரிக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பிரிக்காமல் ஒரே எண்ணாகச் சொன்னால் அந்த எண்ணை உங்கள் கட்டுரையில் எடுத்தாள வேண்டாம்.